மூச்சுக்குக் காத்திருக்கும் படகு

கையில் தேநீர் இருக்கிறதா? அது ஆறுவதற்குள் ஒரு சின்ன வேலை செய்வோம். ஒரு காகிதம், ஒரு பென்சில் எடுத்துத் திமிங்கலம் ஒன்றை வரையுங்கள். ஓவியம் வராவிட்டாலும் பரவாயில்லை. பூசணிக்காய் போல ஓர் உடம்பு, பின்னால் பிளந்த வால், முன்னால் ஒரு கண், போதும். யாரும் சொல்லாமலே உங்கள் கை அதன் தலைமேல் இன்னொன்றையும் வரைந்திருக்கும். நகராட்சிப் பூங்காவின் நடுவில் இருக்குமே, அதே போல இரண்டு பக்கமும் வளைந்து விழும் ஒரு நீரூற்று.

அந்த நீரூற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். திமிங்கலம் தண்ணீரைக் குடித்துத் தலைவழியே பீய்ச்சுகிறது என்று நாம் எல்லோருமே ஒரு காலத்தில் நம்பியிருக்கிறோம். பலர் இப்போதும் நம்புகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அது என்ன என்று சரியாகப் புரிந்துவிட்டால், திமிங்கலம் பார்க்கப் போகும் படகில் நடக்கும் ஒவ்வொன்றும் தானாகப் புரிந்துவிடும். ஆகவே வடக்கே ஒரு குளிர்க்கடலுக்குப் போய் வருவோம்.

ஐஸ்லாந்தின் வடகரையில் ஹூசாவிக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, 2,000 பேருக்குக் கொஞ்சம் அதிகமானோர் வாழும் மீன்பிடி ஊர். துறைமுகத்துக்கு எதிரே 1907இல் கட்டிய மரத் தேவாலயம். ஊருக்கு முன்னால் ஸ்கியால்ஃபாண்டி என்ற அகன்ற விரிகுடா, அதன் அக்கரையில் கோடையிலும் பனி கரையாத மலைகள். மீன் பிடித்துக்கொண்டிருந்த பழைய ஓக் மரப் படகுகளைச் செப்பனிட்டு, 1995இல் இங்கே திமிங்கலம் காட்டும் பயணங்களைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு திமிங்கல அருங்காட்சியகமும் வந்தது.

பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஜூலை மாதம்தான், ஆனாலும் நடுக்கடல் காற்று காதைக் கடிக்கும். அதனால் படகில் ஏறியதும் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் கனத்த உடுப்பு ஒன்றைத் தருவார்கள். மாட்டிக்கொண்டால் எல்லோரும் பஞ்சு திணித்த தலையணை போல ஆகிவிடுவோம். அதுவும் நல்லதுதான், அசையாமல் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதுதானே இனி வேலை.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழும். இவ்வளவு குளிர்ந்த கடலில் அவ்வளவு பெரிய பிராணிக்கு என்ன கிடைக்கும்? வெயில் காயும் வெப்பக் கடலை விட்டுவிட்டு இங்கே ஏன் வருகிறது? இதற்குச் சமையலறையில் விடை இருக்கிறது. வெப்பக் கடலில் மேல்நீர் சூடாகி லேசாகிவிடும். குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பது போல அது மேலேயே நிற்கும், அடிநீரோடு எளிதில் கலக்காது. கடலின் உரச்சத்தெல்லாம் அடியில் தங்கிவிடும். வடகடலிலோ குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்குகிறது, புயல்களும் சேர்ந்து கலக்குகின்றன. கரண்டியை அடிவரை விட்டுச் சாம்பாரைக் கலக்கியது போலச் சத்தெல்லாம் மேலே வந்துவிடும்.

பிறகு வசந்தம் வருகிறது. இரவு சுருங்கிச் சுருங்கி, ஜூனில் இருட்டே இல்லாமல் போகிறது. உரமும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது; கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன கிரில் வரும். நம் சந்தையில் கூனி என்று விற்கிறார்களே, ஏறக்குறைய அந்தச் சாயலில் இருக்கும் சிறு உயிர். கிரில்லைத் தின்ன கேப்பலின் என்ற ஒல்லி மீனும், நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனும் வரும். இந்த எல்லாவற்றையும் தின்னத் திமிங்கலம் வரும். கண்ணாடி போல நீலமாக இருக்கும் கடல் பெரும்பாலும் ஏழைக் கடல். பச்சையாக, கொஞ்சம் கலங்கலாக இருப்பதுதான் சோறு போடும் கடல்.

சரி, படகு விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. வழிகாட்டி உயரமான இடத்தில் ஏறி நிற்கிறார். அவர் முதலில் கற்றுத்தருவது மணி பார்க்க. படகை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ள வேண்டும். மூக்குப் பக்கம் 12, பின்பக்கம் 6, வலப்புறம் 3, இடப்புறம் 9. அவர் "இரண்டு மணி" என்று கத்தினால் நேரத்தைச் சொல்லவில்லை, முன்னால் சற்று வலப்புறம் பாருங்கள் என்கிறார்.

எதைப் பார்ப்பது? புதிதாக வந்தவர்கள் திமிங்கலத்தைத் தேடுவார்கள். பழகியவர்கள் புகையைத் தேடுவார்கள். அலைகளுக்கு நடுவே கறுப்பு முதுகு ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் கருநீல மலைகளைப் பின்னணியாக வைத்துத் திடீரென்று எழும் வெண்மையான ஒரு பொதியை வெகு தூரத்திலிருந்தே காணலாம். இரண்டு மூன்று நொடி நின்று, காற்றில் சாய்ந்து, கரைந்துவிடும். உங்கள் காகிதத்தில் இருக்கும் நீரூற்று இதுதான். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

திமிங்கலம் மீன் இல்லை என்பது தெரிந்த செய்திதான். திமி என்ற பெருமீனை விழுங்குவது என்ற பொருளில் வந்த பெயர் அதற்கு. 1758இல் லின்னேயஸ் அதை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். செவுள் இல்லை, நுரையீரல் உண்டு. ஆகவே மேலே வந்து காற்றை இழுத்தாக வேண்டும். அதற்கான மூக்குதான் தலையின் உச்சியில் இருக்கும் அந்தத் துளை. பல் இல்லாத, சல்லடை போன்ற பலீன் தகடுகளால் இரையை வடிகட்டும் திமிங்கலங்களுக்கு இரண்டு துளைகள். பல் உள்ளவற்றுக்கு ஒன்று. அதுவழியே வெளிவருவது மூச்சு. பீய்ச்சுவதற்கென்று உள்ளே தண்ணீர் எதுவும் சேர்த்து வைக்கப்படவில்லை.

அப்படியானால் வாயில் அள்ளிய தண்ணீர் எங்கே போகிறது? வாய்வழியாகவேதான். கூன்முதுகுத் திமிங்கலம் ஒரு வாயில் டன் கணக்கான நீரையும் அதிலிருக்கும் இரையையும் சேர்த்து அள்ளும். பிறகு வாயை மூடி நீரைப் பலீன் தகடுகளின் இடுக்குகள் வழியே வெளியே தள்ளும். கீரையை அலசி வடிதட்டில் போட்டால் நீர் இறங்கிக் கீரை தங்குகிறதே, அது போல. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தண்ணீர் ஏறிவர வழி இல்லை. துடுப்புத் திமிங்கலத்தின் தொண்டையில், இரை அள்ளும்போது பாதையை அடைத்துக்கொள்ளும் ஒரு தசைத் தக்கை இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பல் உள்ள திமிங்கலங்களில் மூச்சுக்குழலின் மேல்முனை நேராக மூக்குப் பாதைக்குள் செருகியபடி நிற்கிறது. நமக்குப் புரையேறுவது போல அவற்றுக்கு ஏறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

வெறும் மூச்சு என்றால் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி 'ஹா' என்று ஊதுங்கள். மங்குகிறது இல்லையா? உள்ளிருந்து வரும் காற்று உடல் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் அந்த ஈரம் துளிகளாகிவிடுகிறது. டிசம்பர் விடியலில் ஊட்டியில் பேசினால் வாயிலிருந்து புகை வருவதும் இதனால்தான். குளிர்க்கடலில், பல டன் எடையுள்ள உடம்பின் நுரையீரல் ஒரே நொடியில் காலியானால் எவ்வளவு பெரிய புகை எழும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் கை உயர்த்துவார். "திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கலம் பார்க்கிறார்களே, அங்கே ஏது குளிர்? அங்கேயும் இந்தப் புகை எழுகிறதே?" நல்ல கேள்வி. குளிர் மட்டுமே காரணம் என்றால் திருகோணமலையில் ஒன்றும் தெரியக் கூடாது. ஆகவே வேறு காரணங்களும் உண்டு. கோலி சோடாவில் கோலியை அமுக்கியதும் கழுத்தில் ஒரு கணம் வெண்புகை தெரியும், பார்த்திருப்பீர்கள். அடைபட்ட காற்று சட்டென்று விரியும்போது குளிர்ந்துவிடுகிறது, அதிலுள்ள ஈரம் துளியாகிறது. திமிங்கலத்தின் மூச்சும் அப்படித்தான் வேகமாக வெளியேறி விரிகிறது. இன்னொன்று, மூக்குத் துளையைச் சுற்றியிருக்கும் குழிவில் கொஞ்சம் கடல்நீர் தேங்கியிருக்கும். கிண்ணத்துத் தண்ணீரின் மேல் ஓங்கி ஊதினால் தெறிக்குமே, அதுபோல அந்த நீரும், மூச்சுப் பாதையின் சளியும் பொடித் துளிகளாகச் சிதறுகின்றன. ஆக, புகையில் கொஞ்சம் தண்ணீரும் இருப்பது உண்மை. ஆனால் அது வாசலில் கிடந்த தண்ணீர், வீட்டுக்குள்ளிருந்து வந்ததில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், இவை நுரையீரலால் மூச்சுவிடுகின்றன, குட்டி போட்டுப் பால் கொடுக்கின்றன என்பதையெல்லாம் சரியாக எழுதினார். ஆனாலும் இரையோடு புகுந்த நீரை இந்தத் துளைவழியே வெளியேற்றுகின்றன என்றும் சேர்த்து எழுதினார். 1851இல் வந்த 'மோபி டிக்' நாவலில் ஹெர்மன் மெல்வில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, நீரா ஆவியா என்று வாதாடி, ஆவியின் பக்கம் சாய்கிறார். வேட்டைக் கப்பலில் வேலை பார்த்த மனிதரே அவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்றால், நாம் பூங்கா நீரூற்று வரைந்ததில் குற்றமில்லை.

இப்போது படகுக்குத் திரும்புவோம். படகோட்டி இயந்திரத்தைக் குறைக்கிறார். அமைதியான நாளில், மூச்சைக் காண்பதற்கு முன்பே கேட்கலாம். லாரி நிற்கும்போது ஏர் பிரேக் விடுமே ஒரு 'புஸ்ஸ்', அப்படி. அதைத் தொடர்ந்து, ஒரு பெரிய குழாய் காற்றை உறிஞ்சுவது போலக் குறுகிய ஓர் உள்ளிழுப்பு. அவ்வளவுதான், துளை மூடிவிட்டது. நம் மூக்கு எப்போதும் திறந்தே கிடக்கும் வாசல். அதனுடைய மூக்கு திருகினால் மட்டும் திறக்கும் குழாய். தசையை இறுக்கினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பக்கத்தில் வந்தால், தலையுச்சியில் இரண்டு துளைகள் கறுப்பு ரப்பர் போல விரிந்து ஒட்டுவதைப் பார்க்கலாம்.

காற்று நம் பக்கம் அடித்தால் வாடையும் வரும். அழுகிய முட்டைக்கோசும் நேற்றைய மீன் கூடையும் கலந்த ஒரு வாடை. இதில் மின்கே என்ற சிறிய வகைத் திமிங்கலம் பெயர் பெற்றது. அதன் மூச்சு பல நேரம் கண்ணுக்கே தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். முகத்தில் ஈரம் பட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். எதன் ஈரம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

புகையைப் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். உயரமாக, ஒல்லியாக, 9 மீட்டர் அளவுக்கு ஒரு தூண் எழுந்தால் அது நீலத் திமிங்கலம். இந்த விரிகுடாவுக்குக் கோடையின் தொடக்கத்தில் சில நாள் விருந்தாளியாக வரும். ஆள் உயரத்தைவிடச் சற்று மேலாக, புதர் போலப் பரந்து எழுந்தால் கூன்முதுகு. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மூச்சு நேராக எழாது. அதன் ஒற்றைத் துளை தலையின் முன்முனையில் இடப்பக்கம் இருப்பதால் முன்னும் இடமுமாகச் சாய்ந்து வரும். நார்வேயின் ஆண்டெனெஸ் கரையில், ஆழ்கடல் பள்ளம் ஊருக்கு அருகிலேயே இருப்பதால், அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, மூச்சைப் பார்த்து இனத்தைச் சொல்கிறார் வழிகாட்டி.

அடுத்து அவர் எண்ண ஆரம்பிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு. சில முறை மேலோட்டமாக மூச்சுவிட்ட பிறகு, முதுகை வில்லாக வளைத்து, வாலை வானத்தில் உயர்த்தி, கூன்முதுகு ஆழத்துக்குள் இறங்குகிறது. வால் தெரிந்தால் ஆழ்முழுக்கு. இனி ஐந்து முதல் பத்து நிமிடம் அது வராது. இருந்த இடத்தில் எண்ணெய் கொட்டியது போல வழவழப்பான ஒரு வட்டம் மட்டும் மிதக்கும். வாலின் வீச்சு கீழிருந்து தள்ளிய நீர் மேலே வந்து அலையை அடக்கி வைத்த தடம் அது.

அவ்வளவு நேரம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பெரிய நுரையீரல் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் சூட்சுமம் வேறு. நாம் அன்றாடம் கடைக்குப் போய் ஐந்து ரூபாய் பொட்டலம் வாங்குகிற ஆட்கள். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் நுரையீரல் காற்றில் 10 முதல் 15 விழுக்காட்டைத்தான் மாற்றுகிறோம். திமிங்கலம் மாத மளிகை வாங்குகிற குடும்பம். ஒரே மூச்சில் 80, 90 விழுக்காட்டை மாற்றிவிடும். வாங்கியதைக் கடைவாசலிலேயே வைத்திருக்காமல் உள்ளறைக்குக் கொண்டுபோய்விடும். அந்த உள்ளறைதான் இரத்தமும் தசையும். மயோகுளோபின் என்ற புரதம் தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. திமிங்கலத் தசை கறுப்போ என்று நினைக்கும்படி அடர்சிவப்பாக இருப்பது இந்தச் சேமிப்பால்தான்.

வால் உயர்ந்த அந்த நொடி இன்னொரு காரியத்துக்கும் உதவுகிறது. கூன்முதுகின் வாலடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை போல ஆளுக்கு ஆள் மாறும். 1970களிலிருந்து அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் வட அட்லாண்டிக் கூன்முதுகுகளின் வால் படங்களைச் சேர்த்து வருகிறார்கள். ஐஸ்லாந்தில் எடுத்த படமும் கரீபியக் கடலில் எடுத்த படமும் ஒரே வாலாக இருந்ததுண்டு. கோடையில் வடக்கே வயிறு நிறையத் தின்று, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குப் போய் இணை சேர்ந்து குட்டி போடுகிறது. அந்த மாதங்களில், கோடையில் சேர்த்த கொழுப்பில்தான் காலம் ஓட்டுகிறது. நீலக் கடல் ஏழைக் கடல் என்றோமே, நினைவிருக்கிறதா?

இதெல்லாம் புரிந்தால், படகு ஏன் துரத்தக் கூடாது என்பதும் புரியும். மேலே வருவது நம்மைப் பார்க்க இல்லை, மளிகை வாங்க. கடைவாசலில் கூட்டம் போட்டு வழிமறித்தால் பாதிச் சாமானோடு திரும்ப வேண்டிவரும். ஐஸ்லாந்தின் ஃபாக்ஸாஃப்ளோய் விரிகுடாவில் மின்கேக்களைக் கவனித்த ஆய்வாளர்கள், படகுகள் அருகில் இருக்கும்போது அவற்றின் மூச்சு இடைவெளி சுருங்குவதையும், இரை தேடுவது தடைபடுவதையும் கண்டார்கள். அதனால்தான் நல்ல படகோட்டி பக்கவாட்டில் மெதுவாகப் போவார், எதிரே போய் நிற்கமாட்டார். ஹூசாவிக்கில் 2015 முதல் ஓபல் என்ற பாய்மரக் கப்பல் மின்மோட்டாரில் ஓசையின்றி ஓடுகிறது. அதில் போனால் மூச்சுச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இந்த மூச்சுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வேட்டைக் கப்பல்களின் பாய்மர உச்சியில் ஆள் உட்கார்ந்து தேடியதும் இதே புகையைத்தான். ஒளிந்துகொள்ளக் கடல் முழுவதும் இருந்தும், மூச்சு காட்டிக்கொடுத்தது. வணிக வேட்டைக்கான உலகளாவிய தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. ஐஸ்லாந்தோ 2006இல் மறுபடி தொடங்கியது. திமிங்கலத்தைக் காட்டும் படகும் கொல்லும் படகும் ஒரே நாட்டுத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட ஆண்டுகள் உண்டு. இன்று ஆய்வாளர்கள் ஆளில்லா வானூர்தியில் தட்டைக் கட்டி, புகைக்குள் பறக்கவிட்டு, அந்தத் துளிகளிலிருந்து நோய்க்கிருமியையும் மரபணுவையும் படிக்கிறார்கள். பொம்மை ஹெலிகாப்டரால் இதைச் செய்துகாட்டிய மூன்று பெண் ஆய்வாளர்களுக்கு 2010இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சாகடிக்காமல் சளிப் பரிசோதனை.

படகு திரும்புகிறது. எல்லோர் கையிலும் சுடச்சுடக் கோகோ, இலவங்கப்பட்டை மணக்கும் ஒரு ரொட்டிச் சுருள். கோப்பையிலிருந்து ஆவி, பேசுகிறவர்கள் வாயிலிருந்து ஆவி. தூரத்திலிருந்து ஒரு திமிங்கலம் பார்த்தால் நம்மையும் இனம் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் காகிதத்தை எடுங்கள். நீரூற்றை அழிக்க ரப்பர் வேண்டாம். வளைந்து விழும் அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து லேசாகத் தேயுங்கள். பென்சில் கரைந்து, தலைக்கு மேல் ஒரு சாம்பல் நிறப் புகை மட்டும் நிற்கும். ஹூசாவிக் படகில் வழிகாட்டி "இரண்டு மணி" என்று கத்துவது அதைப் பார்த்துத்தான்.